மதிப்பெண் பெய்த ஊர்

மேகத்தை அண்ணாந்து பார்த்துப் பார்த்துக் கழுத்து சுளுக்கிப்போன நொச்சிமடையில், ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், கல்யாண மண்டபத்து மைக்கில் ஜெபராஜ் சார் காளீஸ்வரியின் மாதிரித் தேர்வு மதிப்பெண்ணை வாசித்து முடித்த கையோடு மழை பிடித்துக்கொண்டது. முந்நூற்றுப் பன்னிரண்டு மதிப்பெண்ணுக்கான மழை அது, முந்நூற்றுப் பன்னிரண்டு மதிப்பெண்ணுக்கு எவ்வளவு பெய்ய வேண்டுமோ அவ்வளவு பெய்து, அடுத்த பையனின் பெயரை அவர் வாசித்ததும் தூறலாக மெலிந்து, அதற்கடுத்த பெண்ணின் பெயருக்குச் சற்றே வலுத்து, பட்டியல் முடிந்ததும் குழாயை மூடியதுபோல நின்றது. செவ்வாயும் சனியும் யாரும் தாலி கட்ட மாட்டார்கள் என்பதால் அந்த இரண்டு நாளும் சும்மா கிடக்கும் மண்டபத்தை மருத்துவ நுழைவுத் தேர்வுக்கான பயிற்சிக்குக் கேட்டு வாங்கிக்கொண்டவர் ஜெபராஜ் சார். பிள்ளைகள் சனிக்கிழமை சாப்பாட்டு மேசைகளில் வரிசையாக உட்கார்ந்து தேர்வு எழுதுவார்கள், செவ்வாய்க்கிழமை மணமேடைக்கு எதிரே நின்று மார்க்கைக் கேட்டுக்கொள்வார்கள். இனி மழையும் அந்தக் கிழமைக்கே வரும் என்று ஊருக்குப் பிடிபட மூன்று வாரம் ஆயிற்று.

ராமநாதபுரத்துச் சீமையில் தண்ணீர் எந்த வாசல் வழியாக வந்தாலும் யாரும் அதனிடம் விலாசம் கேட்பதில்லை. முதல் வாரம் கொடியில் கிடந்த துணியை எடுக்க ஓடினார்கள், இரண்டாம் வாரம் அண்டாவைத் தூக்கி வாசலில் வைத்தார்கள், மூன்றாம் வாரம் வெங்காயம் உரிக்கிற பெண்கள் இன்னிக்கு மார்க் வாசிக்கிறாங்களா என்று கேட்டுவிட்டு வற்றல் காயப்போடுவதா வேண்டாமா என்று முடிவு செய்தார்கள். டீக்கடை மலைராசு மட்டும் இதற்கு ஒரு காரணம் இருக்கத்தான் வேண்டும் என்று தினமும் ஒன்று சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டவர்கள் டீயைக் குடித்துவிட்டுப் போனார்கள்.

காளீஸ்வரியின் அப்பா கோட்டைச்சாமிதான் அந்த ஊர்க் கண்மாய்க்கு மடை திறக்கிறவர். யார் வயலுக்கு எப்போது, எத்தனை நாழிகை தண்ணீர் என்பதெல்லாம் அவர் கையில் இருந்தது என்று சொல்லலாம், கண்மாயில் தண்ணீர் இருந்தால். இல்லாத தண்ணீருக்கு அதிகாரியாக ஆறு வருடம் இருந்ததில் அவருக்கே தன் மேல் ஒரு இளக்காரம் வந்திருந்தது. மகள் போன வருடம் ஒரு முறை அசல் தேர்வை எழுதி, சீட்டுக்கு எட்டாத மார்க் வாங்கி, இன்னொரு வருடம் படிக்கிறேன் என்று மண்டபத்தில் சேர்ந்தபோது, சரி ஆத்தா, படி என்றார். வேறு என்ன சொல்ல இருந்தது அவருக்கு. அவள் மார்க் மழையாக விழுந்து கண்மாய்க்குள் தண்ணீர் மினுங்கியபோது, அவர் மடைப்பலகைக்கு எண்ணெய் போட்டார். எதிரே வருகிறவர்கள் சைக்கிளை விட்டு இறங்கி அவரிடம் நலம் விசாரித்தார்கள். அது அவருக்குப் பிடித்திருந்தது, பொய் சொல்வானேன்.

போகப்போக அந்த மழையின் சுபாவம் ஊருக்குத் தெரிந்தது. உயிரியலுக்குப் பெய்வது கண்மாய்க்குப் போனது, வேதியியலுக்குப் பெய்வது மேலக்காட்டில் விழுந்தது, இயற்பியலுக்குப் பெய்வது கீழக்காட்டு மிளகாய்க்கு. ஒரு சரியான விடைக்கு நாலு மார்க், அதற்கு நல்ல மழை. விடை எழுதாமல் விட்டால் மழையும் இல்லை, மோசமும் இல்லை. தப்பாக எழுதினால் ஒரு மார்க் கழியும், அப்போது எங்கேயாவது ஒரு குடத்துத் தண்ணீர் சத்தமில்லாமல் வற்றும். மலைராசு மகன் ஒரு சனிக்கிழமை கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றுக்கும் ‘ஆ’ என்றே எழுதுவதாக நினைத்து அதிலும் தடுமாறி மைனஸில் போக, அந்தச் செவ்வாய்க்கிழமை டீக்கடை பாய்லர் காலியானது. மலைராசு காரணம் சொல்வதை ஒரு வாரம் நிறுத்தி வைத்தார்.

இன்னொன்றும் உண்டு. தெரிந்து எழுதிய விடைக்குப் பெய்தது மண்ணுக்குள் இறங்கியது. குருட்டாம்போக்கில் எழுதி, அதிர்ஷ்டத்தில் சரியாகிப்போன விடைக்கும் மழை பெய்யத்தான் செய்தது, ஆனால் அது தார்ப்பாயில் விழுந்த தண்ணீர் மாதிரி மேலோடு வழிந்து ஓடைக்குப் போய்விடும், ஒரு விரல்கடை தோண்டினால் கீழே புழுதி இருக்கும். ஊர் இதையெல்லாம் கண்டுகொள்ளவில்லை. ஊருக்கு மொத்தம்தான் கணக்கு, இந்த வாரம் எத்தனை, போன வாரத்துக்கு எத்தனை கூட. காளீஸ்வரிதான் செவ்வாய்க்கிழமை மழை விட்டதும் செருப்பில்லாமல் காட்டுக்குள் இறங்கி, காலை ஊன்றி ஊன்றிப் பார்த்துக்கொண்டு நடப்பாள். எங்கே ஈரம் இறங்கியிருக்கிறது, எங்கே வழிந்து போயிருக்கிறது, எங்கே விழவேயில்லை என்று.

விழாத இடம் ஒன்று இருந்தது. கீழக்காட்டில் நடுவாந்திரமாக ஒரே ஒரு தாக்கு, ஒரு துண்டு நிலம், சுற்றிலும் மிளகாய்ச் செடி குளுகுளுவென்று நிற்க, அது மட்டும் காய்ந்து வெடித்துக் கிடந்தது. அது கோட்டைச்சாமியின் தாக்கு. ஊருக்கெல்லாம் மழை கொண்டுவருகிற பெண்ணின் அப்பன் காட்டில் ஒரு சொட்டு இல்லை என்று மிளகாய் ஆய வந்தவர்கள் சிரித்தார்கள். கோட்டைச்சாமியும் கூடவே சிரித்துவிட்டு வீட்டில் வந்து சிரிப்பை நிறுத்திக்கொண்டார். காளீஸ்வரி அந்தத் தாக்கின் வரப்பில் உட்கார்ந்து யோசித்தாள். இயற்பியலில் எந்தப் பாடம் அவளுக்கு வரவேயில்லையோ, பம்பரமும் சக்கரமும் சுழல்கிற கணக்குகள் உள்ள அந்தப் பாடத்தின் இடம் அது என்று கண்டுகொண்டாள். மொத்த மார்க் நானூற்றைத் தாண்டிய சந்தோசத்தில் அவளும் அதை மறந்துதான் இருந்தாள். அப்பா காடு ஞாபகப்படுத்தியது. அந்த ஒரு பாடத்தை விடாமல் போட்டாள், அம்மா பஞ்சவர்ணம் ஆட்டுரலில் மாவாட்டும்போது குழவி சுழல்வதைப் பார்த்துக்கொண்டே நின்று, மாவு போதும் நிறுத்தம்மா என்று அம்மா திட்டுகிறவரை தானே ஆட்டினாள். பொங்கல் கழிந்த ஒரு செவ்வாய்க்கிழமை கோட்டைச்சாமியின் தாக்கில் மழை விழுந்தது. அவர் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு நடுக்காட்டில் நின்றார். என்ன பாடம் என்று அவர் கேட்கவில்லை, மகள் தனக்காக ஏதோ செய்திருக்கிறாள் என்பது மட்டும் விளங்கியது.

அதன் பிறகு ஊர் அவளைக் கண்ணாடிச் சாமான் மாதிரி வைத்துக்கொண்டது. அவள் தெருவில் ஒலிபெருக்கி கட்டக் கூடாது, அவள் படிக்கிற நேரம் யாரும் மிளகாய் வறுக்கக் கூடாது, தும்மினால் மார்க் குறையும். பாலும் தயிரும் வீடு தேடி வந்தன. அவளிடம் தூங்கினாயா என்று கேட்டவர்கள் இருந்தார்கள். என்ன ஆக வேண்டும் என்று கேட்டவர் யாருமில்லை. அவளோ குழந்தைகளுக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டராக வேண்டும் என்று மனதுக்குள் ஒரு தீர்மானம் வைத்திருந்தாள். அதை அம்மாவிடம் மட்டும் சொல்லியிருந்தாள்.

மார்ச் மாதத்தில் கண்டக்டர் மகள் சகாயராணி நர்சிங் படிப்புக்கு அசலான தேர்வே எழுதி நல்ல மார்க் வாங்கினாள். அவள் அம்மா தெருவில் இருந்த அண்டா குண்டாவையெல்லாம் இரவல் வாங்கி வாசலில் பரப்பி வைத்துக் காத்திருந்தார். ஒரு பொட்டு மழை இல்லை. சகாயராணி பெட்டியைத் தூக்கிக்கொண்டு மதுரைக்குப் போனாள், அண்டாக்கள் வெயிலில் காய்ந்தன. அப்போதுதான் ஊருக்கு விஷயம் உறைத்தது. பழகிப் பார்க்கிற தேர்வுக்குத்தான் மழை, அசலுக்கு இல்லை. மே மாதம் காளீஸ்வரி அசலை எழுதினால், சீட்டுக் கிடைத்தால், போய்விட்டால்?

யாரும் கெட்டவர்கள் இல்லை. ஊர்த்தலைவர் வேலுச்சாமி ஒரு சாயங்காலம் பெரியவர்களோடு கோட்டைச்சாமி வீட்டுக்கு வந்து, காபி குடித்து, காபியைப் புகழ்ந்து, பிறகுதான் பேச்சை எடுத்தார். பிள்ளை இப்போது ஐந்நூறு வாங்குகிறது, நல்ல மார்க்தான், ஆனால் இதற்கு எங்கேயோ கண் காணாத காலேஜ்தான் கிடைக்கும், இன்னொரு வருடம் எழுதாமல் பொறுத்துப் பழகினால் அறுநூற்றைம்பது வரும், சென்னையிலேயே பெரிய காலேஜ், அவசரப்பட்டு வாழ்க்கையைக் கெடுக்கலாமா என்றார். அவர் சொன்னதில் ஒவ்வொரு வார்த்தையும் அக்கறை மாதிரியே இருந்தது, ஜெபராஜ் சாரிடம் காசு கட்டிய எந்தப் பெற்றோரும் ஒரு முறையாவது தன் பிள்ளையிடம் சொல்லியிருக்கக்கூடிய வார்த்தைகள்தான் எல்லாம். கோட்டைச்சாமி கண்மாயை நினைத்தார். சைக்கிளை விட்டு இறங்குகிறவர்களை நினைத்தார். மகளுக்கும் நல்லதுதானே என்று ஒரு தட்டில் அதையும் வைத்துப் பார்த்து, சரி, இந்த வருசம் எழுத மாட்டா என்று வாக்குக் கொடுத்துவிட்டார்.

மகளிடம் சொல்லும்போது அவருக்கு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை, மடைச்சாவியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

“இன்னம் ஒரு வருசம்தான ஆத்தா. நல்லாப் பழகிட்டு எழுதலாம்ல.”

“இன்னம் என்னத்தப்பா பழகணும்?” என்றாள் காளீஸ்வரி. கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவள் போலக் கேட்டாள், அவர் சாவியைத் துடைத்துக்கொண்டே இருக்கவும் படிக்கப் போனாள். பஞ்சவர்ணம் அன்று அவருக்குச் சோற்றைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்காரவில்லை.

அந்தச் சனிக்கிழமை அவள் வழக்கம்போல மண்டபத்துக்குப் போனாள், கடைசி மேசையில் உட்கார்ந்து நூற்றெண்பது கேள்விக்கும் விடை எழுதினாள், ஒன்றையும் விடவில்லை. செவ்வாய்க்கிழமை ஜெபராஜ் சார் விடைத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு மைக் முன்னால் வந்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மாட்டினார். பிறகு, காளீஸ்வரி, மைனஸ் நூற்றெண்பது என்று வாசித்தார்.

தண்ணீர் மேலே போயிற்று. ஆர்ப்பாட்டம் ஒன்றும் இல்லை, சத்தமில்லாமல் ஊரிலிருந்து எழும்பிக் கிளம்பிய மாதிரி போயிற்று. வாசல் தெளித்த ஈரம் காய்ந்தது, தொட்டித் தண்ணீர் இறங்கியது, கன்றுக்குட்டி குடித்துக்கொண்டிருந்த வாளியில் அதன் நாக்கு தகரத்தைத் தொட்டது. ஊர் கண்மாய்க்கரைக்கு ஓடியது. கண்மாயில் ஒரு சாண் தண்ணீர் குறைந்து, கரையைச் சுற்றிலும் ஈரக்கோடு தெரிந்தது. பொறந்த ஊருக்கே இப்படிச் செய்யலாமா என்று ஒரு கிழவர் அழுதார். பிள்ளைக்கு உடம்பு சரியில்லையோ என்று ஒருவர், திமிர் என்று இன்னொருவர். ஜெபராஜ் சார் மூச்சு வாங்க வந்து சேர்ந்து, ஒன்றுமே தெரியாதவன் கண்ணை மூடிக்கொண்டு எழுதினாலும் நாலுக்கு ஒன்று தானாகச் சரியாகிவிடும், மைனஸுக்குப் போவதே பாடு, நூற்றெண்பதும் தப்பாக எழுதுவதற்கு ஒவ்வொரு கேள்வியிலும் எது நிச்சயம் தப்பு என்று தெரிந்திருக்க வேண்டும் என்று சொல்லிப் பார்த்தார். வேறு யார் காதிலும் ஏறவில்லை.

கோட்டைச்சாமி காதில் மட்டும் அது விழுந்தது, அங்கே நிற்காமல் காட்டுக்குப் போனார். மேலக்காட்டைச் சுற்றினார், கீழக்காட்டைச் சுற்றினார், தன் தாக்கில் போய் நின்றார். எல்லா இடத்திலும் மண் ஒரே அளவுக்குத்தான் காய்ந்திருந்தது, ஒரு தாக்கில் கூடுதல், ஒரு தாக்கில் குறைச்சல் என்பது இல்லை. விட்டுப்போன இடம் என்று ஒன்று இல்லவே இல்லை. மகள் கேட்ட கேள்விக்குப் பதில் அவர் காலுக்கடியில் கிடந்தது. அவளுக்கு அடியோடு தெரியாத இடம் என்று இந்த ஊர் எல்லைக்குள் எதுவும் மிச்சமில்லை. இன்னும் ஒரு வருடம் அவள் இங்கே இருந்து பழக வேண்டியது ஊருக்காகத்தானே தவிர அவளுக்காக இல்லை. வாக்குக் கொடுத்த அன்றைக்கே அது தனக்குத் தெரியும் என்பதும் அப்போது அவருக்குத் தெரிந்தது. வெட்கமாக இருந்தது.

கரைக்குத் திரும்பி வந்தபோது காளீஸ்வரி தலைவர் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். நான் யாரையும் மிரட்டலை தாத்தா, பழகு பழகுன்னீங்க, இதுக்கு மேல பழகுனா இப்படித்தான் திரும்பி வரும், நான் முன்னாடி போகணும் என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். கோட்டைச்சாமி கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அவள் பக்கத்தில் நின்றார்.

“தலைவரே, நான் குடுத்த வாக்கைத் திரும்ப எடுத்துக்கிறேன். எம்மேல வருத்தம்னா சாவியை வாங்கிக்கங்க. நான் மடை தெறக்குறவன். தண்ணியைத் தேக்குறதே தெறந்துவிடத்தான். தெறக்கவே மாட்டேன்னு தேக்குனா கரை தாங்காது.”

யாரும் சாவியை வாங்கவில்லை. தலைவர் கண்மாயைப் பார்த்தார், பெண்ணைப் பார்த்தார், அவருக்கும் ஒரு பேத்தி ஒன்பதாம் வகுப்பில் இருந்தாள். எழுதட்டும் என்றார்.

மே மாதம் அசல் தேர்வு நடந்தது. மார்க் வந்த அன்று வெயில் மண்டையைப் பிளந்தது, ஒரு துளி இல்லை, ஐந்நூற்று நாற்பத்தொன்று. கலந்தாய்வுக்குக் கல்லூரிகளை வரிசைப்படுத்திக் கொடுக்கிற நாள் வந்தபோது பாதி ஊர் மண்டபத்தில் இருந்தது. சனிக்கிழமை வந்து பரீட்சை எழுதிவிட்டு ஞாயிற்றுக்கிழமை திரும்புகிற தூரத்தில் இருக்கிறதாக முதலில் போடச் சொல்லி மலைராசு யோசனை சொன்னார். ஜெபராஜ் சார், முதலில் ஆசைப்படுகிறதைப் போடு, எட்டாது என்று நினைத்தாலும் போடு, பிறகு எட்டுகிறதைப் போடு, அங்கே போய் ஐந்து வருடம் இருக்க மனசில்லாததை எதற்காகவும் போடாதே என்றார். இந்த மார்க்குக்குப் போன வருடம் எங்கெங்கே கதவு திறந்தது என்று அவளோடு உட்கார்ந்து பார்த்தார். கோட்டைச்சாமி ஒரே ஒரு கேள்வி கேட்டார், புள்ளைக வைத்தியத்துக்கு எங்க ஆத்தா நல்லாச் சொல்லித் தருவாங்க என்று. அவரிடம் அதை அவள் சொன்னதே இல்லை. காளீஸ்வரி அம்மாவைப் பார்த்தாள், பஞ்சவர்ணம் முந்தானையைச் சரிசெய்துகொண்டார்.

நீலகிரியில் இடம் கிடைத்தது. ஊரே பஸ் நிறுத்தத்துக்கு வந்தது, அழுத கிழவர் ஒரு பொட்டலம் குண்டு மிளகாய் வற்றல் கொண்டுவந்து கொடுத்தார். பஸ் போன பிறகு எல்லாரும் கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். போய்ச் சேர்ந்த வாரத்திலேயே அவள் அங்கிருந்து போன் செய்தாள். இங்க சும்மாவே பெய்யுதுப்பா, யாரும் பரீட்சையே எழுதாம, என்று சொல்லிச் சிரித்தாள், சிரித்துவிட்டு அழுதாள்.

நொச்சிமடை தன் வழியைப் பார்த்துக்கொண்டது. மிச்சப் பிள்ளைகளின் மார்க்குக்கு மிதமாகப் பெய்தது, போதவில்லை. ஒரு சனிக்கிழமை கோட்டைச்சாமி சட்டை போட்டுக்கொண்டு, மகள் விட்டுப்போன பேனாவைப் பையில் செருகிக்கொண்டு மண்டபத்துக்குப் போய், கடைசி மேசையில் உட்கார்ந்தார். ஜெபராஜ் சார் ஒன்றும் கேட்காமல் வினாத்தாளைக் கொடுத்தார், தெரியாததைத் தொடாதீங்க என்று மட்டும் சொன்னார். எட்டாவது வரை படித்த மனிதர், எழுத்துக் கூட்டி ஒவ்வொரு கேள்வியாக வாசித்தார், வாசித்து வாசித்து விட்டுக்கொண்டே வந்தார். பம்பரம் சுழல்கிற கேள்வி வந்தது, மகளை நினைத்துக்கொண்டார், அதையும் விட்டார். சாயங்காலம் ஆகிற நேரத்தில் ஒரு கேள்வி. தண்ணீர் நிறைந்த தொட்டியில் மேலே ஒன்று, நடுவே ஒன்று, கீழே ஒன்று என்று துளைகள் போட்டால் எந்தத் துளையில் தண்ணீர் வேகமாகப் பீறிடும்? கோட்டைச்சாமி அந்தக் கேள்வியைப் பார்த்துச் சிரித்தார். அடிமடையைத் திறந்து அதன் வேகத்தில் ஒரு முறை பல்லை உடைத்துக்கொண்டவர் அவர். அந்த ஒன்றுக்கு மட்டும் விடை எழுதிவிட்டு எழுந்தார்.

செவ்வாய்க்கிழமை அவர் மண்டபத்துக்குப் போகவில்லை, தன் தாக்கில் நின்றுகொண்டிருந்தார். மைக் சத்தம் காற்றில் வந்தது. கோட்டைச்சாமி, நாலு. அவர் நின்ற இடத்தில், ஒரு பாய் விரிக்கிற அகலத்துக்கு, மழை பெய்தது. அடுத்த வாரத்திலிருந்து தலைவரும் சகாயராணியின் அம்மாவும் இன்னும் பத்துப் பேரும் பரீட்சைக்கு உட்காரப் போகிறார்கள் என்பதும், தலைவர் ஆசையில் எல்லாவற்றுக்கும் விடை எழுதி வீட்டுத் தொட்டியைக் காயவைக்கப் போகிறார் என்பதும் அப்போது யாருக்கும் தெரியாது.

அவர் நனைந்த சட்டையோடு மகளுக்குப் போன் போட்டார். நாலு மார்க் வாங்கிட்டேன் ஆத்தா என்றார். அந்தப் பக்கம் அவள் இருக்கிற ஊரில் பெய்கிற மழை கேட்டது.

“மண்ணுல இறங்குச்சாப்பா?” என்று கேட்டாள்.

அவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை ஊன்றிப் பார்த்தார். கணுக்கால் வரைக்கும் போயிற்று.

“இறங்கிருச்சு ஆத்தா” என்றார்.